பன்னிரண்டு சொற்களைப் பார்த்தெழுதும்வரை தம்பியின் கைத்தொலைபேசியைத் துடைக்காதிருக்கக் கோரல்

அனுப்புநர்:
அடைக்கலநாதன் ஜெசிதா,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்,
கடற்கரை வீதி,
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
நீதவான் நீதிமன்றம்,
பனைமுனை.

விடயம்: வீதி விபத்து வழக்கொன்றில் சான்றுப்பொருளாக வைக்கப்பட்டுள்ள, காலஞ்சென்ற அடைக்கலநாதன் ஜெனிஸ்ரனின் கைத்தொலைபேசியில் உள்ளவற்றை 2026 ஜனவரி 30 ஆந் திகதி அழிப்பது தொடர்பான முறைப்பாடும், அதற்கு முன் அதனைத் திறந்து பார்க்க அனுமதி கோரலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் ஒரேயொரு சகோதரரான ஜெனிஸ்ரன், வயது 38, கடந்த 2024 நவம்பர் 9 ஆந் திகதி பிற்பகல் பருத்தித்துறை வீதியில், புத்தூர்ச் சந்திக்கு அண்மையில், வான் வண்டி ஒன்றினால் மோதுண்டு காலமானார். அவர் மோட்டார் சைக்கிளைச் செலுத்திக்கொண்டே தொலைபேசியில் கதைத்தார் என்று வான் சாரதி கூறியதனால் அவரது கைத்தொலைபேசியைப் பொலிஸார் எடுத்துச் சென்றனர். அந்த நேரத்தில் அழைப்பு எதுவும் இருக்கவில்லை என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து பின்னர் தெளிவானது. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 நவம்பர் 24 ஆந் திகதி வழக்கு முடிவுற்றது. கைத்தொலைபேசியை நெருங்கிய உறவினரிடம் ஒப்படைக்குமாறு அன்றே கட்டளையிடப்பட்டது. அந்தக் கட்டளைக்கு நான் நன்றியுடையேன். என் முறைப்பாடு அதைப் பற்றியதல்ல.

2. இனி இம்மனுவில் அவரைத் தம்பி என்றும் அவன் என்றும் குறிப்பிட அனுமதிக்க வேண்டும். சகோதரர் என்று எழுதும்போது வேறு யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவது போலிருக்கிறது. மற்றவர்களின் பிறப்பையும் இறப்பையும் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழிலாகையால் அவ்வாறு எழுத எனக்குப் பழக்கம் உண்டு. இம்முறை அது கைவரவில்லை.

3. 2025 டிசம்பர் 8 ஆந் திகதி கைத்தொலைபேசியைப் பெற்றுக்கொள்ளத் தங்கள் நீதிமன்றத்துக்கு வந்தேன். குருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். சான்றுப்பொருட்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் திரு. கனகலிங்கம் அவர்கள் என்னை அமரச் செய்து, மிகுந்த மரியாதையுடனேயே கதைத்தார். அவர் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: “குடுக்கேலாதெண்டு ஆர் சொன்னது, தங்கச்சி? குடுப்பம். உள்ளுக்கை கிடக்கிறதெல்லாத்தையும் துடைச்சுப்போட்டுக் குடுப்பம். கடையிலை வாங்கின மாதிரி இருக்கும்.” நீதிமன்றத்திலிருந்து வெளியேறும் கைத்தொலைபேசிகள் யாவும் அவ்வாறு துடைக்கப்பட்டே வழங்கப்படும் என்றும், பிறருடைய அந்தரங்கம் வெளியே போகாதிருப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட நடைமுறை அது என்றும் அவர் விளக்கினார். அடுத்த தொகுதி துடைக்கப்படும் திகதி ஜனவரி 30 ஆகும்.

4. அது நல்ல நடைமுறைதான். ஆனால் எனக்கு வேண்டியது அந்தக் கைத்தொலைபேசி அன்று. அதன் திரையில் வெடிப்பு விழுந்துவிட்டது. விற்றால் ஒரு மாதச் சந்தைச் செலவுக்கும் காணாது. அதற்குள் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. உலகத்தில் அவை இப்போது வேறெங்கும் இல்லை. துடைத்தபின் அங்கும் இரா.

5. இதனை நான் விளக்கியாக வேண்டும். தம்பி கட்டட வரைபடக் கலைஞன். கொரோனாக் காலத்தில் உள்ளூரில் வேலை நின்றுபோனபோது, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையத்தின் ஊடாக வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுக்கத் தொடங்கினான். அவர்களுள் சிலர் கூலியைக் கிரிப்டோ நாணயமாகவே கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதியை மாற்றி வீட்டுக்குச் செலவழித்தான். மீதியை அப்படியே வைத்திருந்தான். இத்தகைய நாணயங்கள் குறித்து மத்திய வங்கி மக்களை எச்சரித்திருப்பதை நான் அறிவேன். அவனும் அறிந்தே இருந்தான். அது களவாகவோ மறைவாகவோ வந்ததல்ல என்பதற்கு அவன் வரைந்த வரைபடங்களின் பட்டியலை இணைத்துள்ளேன். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கணிசமானதாக இருக்கலாம்; விலை வீழ்ந்து ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம்.

6. அந்த நாணயத்தை வைத்திருப்பதற்குக் கைத்தொலைபேசியில் ஒரு செயலி உண்டு. அதை வொலற், அதாவது பணப்பை, என்பார்கள். பெயர் அப்படியிருந்தாலும் அதற்குள் பணம் இருப்பதில்லை. பணத்தைத் திறக்கும் உரிமை மட்டுமே இருக்கிறது. முதன்முதல் அதை ஏற்படுத்தும்போது செயலி பன்னிரண்டு சொற்களைக் காட்டி, இவற்றை இதே ஒழுங்கில் கடதாசியில் எழுதிப் பத்திரப்படுத்து, படம் எடுக்காதே, ஒருவருக்கும் அனுப்பாதே என்று சொல்லும். கைத்தொலைபேசி தொலைந்தாலும் உடைந்தாலும் வேறொன்றில் அதே சொற்களை அதே ஒழுங்கில் கொடுத்தால் எல்லாம் மீண்டுவிடும். சொற்கள் இல்லாவிட்டால் மீளாது. வங்கியென்றால் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுபோய் நிற்பதற்கு ஒரு முகப்பு இருக்கும்; முகப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். இதற்கு முகப்பும் இல்லை, மனிதரும் இல்லை. ஆகையினாலேயே தங்களிடம் வந்திருக்கிறேன்.

7. அந்தக் கடதாசி என்னவாயிற்று என்று தங்கள் அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்டது. நியாயமான கேள்வி. அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தொலைந்துவிட்டது என்று மட்டும் கூறினேன். இப்போது முழுமையாக எழுதுகிறேன்.

8. நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் இருதய ஆண்டவர் படம் இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் குருத்தோலையைச் சிலுவையாகப் பின்னி, அந்தப் படத்தின் பின்புறம் செருகிவைப்பது எங்கள் வழக்கம். வருடம் முழுவதும் அது அங்கேயே இருக்கும். அடுத்த வருடம் தவக்காலம் தொடங்குமுன், பழைய குருத்தோலைகளைக் கோயிலில் ஒப்படைக்கும்படி அறிவிப்பார்கள். அவற்றை எரித்துப் பெறும் சாம்பலையே விபூதிப் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது என்பதால் எல்லா வீட்டாரும் தவறாமல் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

9. 2021 ஆம் ஆண்டுக் குருத்தோலை ஞாயிறன்று தம்பி அந்தக் கடதாசியை ஒரு தீக்குச்சியின் பருமனுக்குச் சுருட்டி, ஓலைச் சிலுவையின் பின்னலுக்குள் நுழைத்தான். நான் சிரித்தேன். வங்கியில் பெட்டகம் எடுத்து வைக்கலாமே என்றேன். அதற்கு அவன் சொன்னது: “வங்கிப் பெட்டகத்தை உடைப்பாங்கள் அக்கா. உந்தக் குருத்தோலையை ஒருத்தரும் தொடமாட்டினம். களவெடுக்க வாறவனும் கும்பிட்டுப்போட்டுத்தான் போவான்.” நான் விடாமல், வீடு எரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “வீடு எரிஞ்சால் போன் என்ரை பொக்கற்றுக்கை இருக்கும். போன் துலைஞ்சால் ஓலை இருக்கும். ரெண்டும் ஒரே நாளிலை போறதெண்டால் அது கடவுள் செய்யிற வேலை, அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது” என்றான்.

10. அதன்பின் ஒவ்வொரு வருடமும் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. கோயிலில் அறிவித்ததும் அவன் கதிரையில் ஏறி ஓலையை எடுத்து, கடதாசியை உருவி, ஓலையை என்னிடம் தருவான். நான் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவேன். குருத்தோலை ஞாயிறு வரை கடதாசி அவனுடைய அலுமாரியில் இருக்கும். அன்று பழைய கடதாசியைப் பார்த்து நான் வாசிக்க, அவன் புதிய கடதாசியில் எழுதுவான். பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதைப் புதிய ஓலைக்குள் வைப்பான். 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருடங்களும் இவ்வாறே நடந்தது. கடதாசியை எடுப்பது அவன் வேலை. ஓலையைக் கொண்டுபோவது என் வேலை.

11. 2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் கோயிலில் அறிவித்தார்கள். அவன் இறந்து நான்கு மாதம் ஆகவில்லை. நான் என் வேலையைச் செய்தேன்.

12. கோயிற்பணியாளர் திரு. கனிசியஸ் அவர்கள் வாசலில் ஒரு கடகப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். ஓலையை அதில் போட்டேன். “இந்த முறை நீயே கதிரையிலை ஏறி எடுத்தனி, பிள்ளை?” என்று அவர் கேட்டதும், ஓம் என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது. அவர் கேட்டது அனுதாபத்தினால். அந்தக் கேள்விக்குள் என் தவறு முழுவதும் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. விபூதிப் புதனன்று எல்லாரோடும் வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன்.

13. எனக்குத் தெரிந்தது ஏப்ரல் 13 ஆந் திகதி, குருத்தோலை ஞாயிறன்று. புதிய ஓலையுடன் வீடு வந்து, சிலுவை பின்னி, அதைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவன் கடதாசியைக் கொண்டுவந்து வைப்பதற்காக நின்றேன். அதன்பிறகுதான் அந்தக் கடதாசி எங்கே என்ற எண்ணமே வந்தது. அவனுடைய அலுமாரியை அன்று முழுவதும் தேடினேன். அது அங்கே இராது என்று தெரிந்துகொண்டேதான் தேடினேன்.

14. ஆகவே ஓலையோடு சேர்த்துக் கடதாசியையும் எரிக்கக் கொடுத்தது என் தவறு. நீதிமன்றத்தினதோ பொலிஸாரினதோ தவறன்று. அதனால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யுமாறு நான் ஒருவரையும் கேட்கவில்லை. ஆனால், கடதாசி போனால் கைத்தொலைபேசி இருக்கும் என்று தம்பி செய்துவைத்த மற்ற ஏற்பாடு இன்னும் முறியவில்லை. பதினான்கு மாதங்களாக அது தங்கள் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது. கடந்த நவம்பர் மழையில் களஞ்சியக் கூரை ஒழுகியிருக்குமோ என்று நான் பல நாள் கவலைப்பட்டேன். ஒழுகவில்லை என்று திரு. கனகலிங்கம் அவர்கள் உறுதியளித்தார். மழையிலிருந்து காத்துத் தந்தவர்களே இனி அதை அழிக்கப்போகிறார்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

15. அந்தச் சொற்களை நான் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். ஏழு நினைவிருக்கின்றன. அந்த ஏழிலும் நான்குக்கு மட்டுமே ஒழுங்கு நிச்சயமாகத் தெரியும். சாதாரணமான, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்தாம். வாசிக்கும்போது விளையாட்டாக அவற்றைத் தமிழில் மாற்றிச் சொல்வேன். அவனுக்கு அது பிடிக்காது. “சொன்னதைச் சொல்லு, மொழிபெயர்க்காதை” என்பான். நான் மொழிபெயர்த்தவை மட்டுமே இப்போது நினைவில் நிற்கின்றன. அவன் சொற்கேட்டு மொழிபெயர்க்காமல் விட்ட ஐந்தும் போய்விட்டன. நினைவிலுள்ள ஏழையும் இம்மனுவில் எழுதாததற்காகத் தாங்கள் மனம் வருந்தக் கூடாது. ஒருவரிடமும் சொல்லாதே என்பது அவன் எனக்கு இட்ட ஒரே கட்டளை.

16. சொற்களை வேறு எவரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்றும் தங்கள் அலுவலகத்தில் கேட்கப்பட்டது. இல்லை. ஆயினும் ஒரு விடயத்தை மறைக்க விரும்பவில்லை. கடந்த ஜூன் மாதம், இழந்த வொலற்றை மீட்டுத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவருக்கு எழுதினேன். அவர் நினைவிலுள்ள சொற்களை அனுப்பும்படி கேட்டார். நான் அனுப்பவில்லை. அவர் மோசடிக்காரர் என்பது எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எனினும் பதினோராம் நாள்வரை அவருக்குப் பதில் எழுதினேன். அவர் காலையிலும் மாலையிலும், சாப்பிட்டீர்களா அக்கா, என்று கேட்டு எழுதுவார். சாப்பிட்டேன் என்று எழுதுவேன். சில நாட்களில் அதற்காகவே சமைத்தேன். பன்னிரண்டாம் நாள் அவரது இலக்கத்தைத் தடைசெய்தேன். சொற்கள் வெளியே போகவில்லை என்பதை உறுதிப்படுத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தச் செய்திகளின் பிரதியும் தேவையானால் தரலாம்.

17. யாழ்ப்பாண நகரில் கைத்தொலைபேசி திருத்தும் திரு. லக்சன் என்பவரிடமும் ஆலோசனை கேட்டேன். அவரிடம் சொற்களைக் கூறவில்லை; அவர் கேட்கவுமில்லை. “ஏழு சொல்லை வைச்சுக்கொண்டு ஒண்டும் செய்யேலாது அக்கா. ஆனா போன் துடைக்காமல் கிடந்தால் அஞ்சு நிமிச வேலை. சார்ஜைப் போட்டு, இலக்கத்தை அடிச்சு, செற்றிங்ஸுக்கை போனால் அந்தப் பன்னிரண்டையும் அதுவே திரும்பக் காட்டும். எழுதிக்கொண்டு வாங்கோ, புதுப் போனிலை நான் ஏத்தித் தாறன்” என்றார். துடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, “பேந்து என்னட்டை வராதையுங்கோ” என்றார். கைத்தொலைபேசியைத் திறக்கும் இலக்கமும் செயலியைத் திறக்கும் இலக்கமும் எனக்குத் தெரியும். இரண்டையும் தம்பியே சொல்லித் தந்திருந்தான்.

18. இவற்றையெல்லாம் சுருக்கமாக எழுதி டிசம்பர் 10 ஆந் திகதியும் 29 ஆந் திகதியும் பதிவுத் தபாலில் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஜனவரி 5 ஆந் திகதி நேரில் வந்தபோது, துடைக்காமல் கொடுக்க விதி இல்லை என்று சொல்லப்பட்டது. அப்படியானால் கொடுக்கவே வேண்டாம், உங்கள் மேசையில் வைத்தே ஐந்து நிமிடம் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் விதி இல்லை என்று சொல்லப்பட்டது. ஜனவரி 12 ஆந் திகதி மறுபடியும் வந்தேன். முகப்பிலிருந்த உத்தியோகத்தர் திருமதி பத்மாவதி அவர்கள் என்னைக் கண்டதும், “திரும்பவும் வந்திட்டியளோ? பன்னிரண்டு சொல்லுக்கு உந்தப் பாடுபடுறியள். என்ன அக்கா, மந்திரமோ?” என்று கேட்டார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு ஒருவர் என்னைப் பகிடி பண்ணினார். அதை முறைப்பாடாக எழுதவில்லை. ஆனால் அன்றும் என் கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

19. உரிமை பற்றியது. எங்கள் பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டனர். தம்பிக்கு மனைவியோ பிள்ளைகளோ இல்லை. நானே எஞ்சியுள்ள ஒரேயொரு உறவு என்பதற்குக் கிராம அலுவலரின் சான்று இணைக்கப்பட்டுள்ளது. அவன் ஏன் மணம் முடிக்கவில்லை என்பது அந்தச் சான்றில் இல்லை. சான்றில் அதற்கு நிரல் கிடையாது. அக்கா வீட்டில் இருக்கத் தம்பி கலியாணம் முடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நான் மணம் முடிக்க விரும்பவில்லை என்பதை முப்பது வயதிலேயே சொல்லிவிட்டேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவனும் கேட்கவில்லை. அவன் கேட்டு நான் சொல்லியிருந்தால் இம்மனுவை எழுதுபவர் வேறொருவராக இருந்திருப்பார். அவனுடைய மனைவியாக இருந்திருப்பார்.

20. அந்த நாணயம் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு ஓய்வூதியம் இல்லை. வெளிநாடு போகிறவர்கள் இருக்கும்வரை வேலை வரும். இப்போது அதையும் கணினியில் மாற்றிக்கொண்டு கையொப்பத்துக்கு மட்டும் என்னிடம் வருகிறார்கள். கடைசியாகக் கடதாசி எழுதிய நாளன்று, இதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறாய், உனக்கொரு கார் வாங்கேன் என்று கேட்டேன். “பென்சன் இல்லாத மனுசி நீ. கண்ணும் மங்கிக்கொண்டு வருது. இது உன்ரை காலத்துக்கு. எனக்கென்ன, நான் உன்னோடைதானே இருக்கப்போறன்” என்றான். எழுபது வயதில் நான் யாருடைய வீட்டில் இருப்பேன் என்று யோசித்த ஒரேயொருவன் அவன்தான். இன்று என்னிடம் இருப்பது பெற்றோரின் வீடும், சில மாதங்களுக்குப் போதுமான சேமிப்பும், ஏழு சொற்களும்.

21. ஆகையால் பின்வருவனவற்றைத் தங்களிடம் பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) ஜனவரி 30 ஆந் திகதி துடைக்கப்படவுள்ள தொகுதியிலிருந்து தம்பியின் கைத்தொலைபேசியை மட்டும் விலக்கிவைக்க வேண்டும். என் கோரிக்கையைக் கௌரவ நீதவான் அவர்களின் கவனத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும். கட்டளையை மாற்ற வேண்டியதில்லை. துடைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சேர்த்தால் போதும்.

(ஆ) தாங்கள் குறிக்கும் நாளில், தாங்கள் நியமிக்கும் உத்தியோகத்தர் முன்னிலையில், அதைத் திறக்க என்னை அனுமதிக்க வேண்டும். மின்னேற்றும் வயரை நானே கொண்டுவருவேன். என் கைத்தொலைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டு, ஒரு பென்சிலும் ஒரு கடதாசியும் மட்டும் கொண்டுவருவேன். உத்தியோகத்தர் என் பக்கத்திலேயே நிற்கலாம். சொற்கள் திரையில் தோன்றும் நேரத்தில் மட்டும் அவர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டால் நல்லது. அவரை நான் சந்தேகிப்பதால் அல்ல. அவற்றைக் காண்பவர் எவரும் அவற்றுக்கு உடையவராகிவிடுவார் என்பதால்.

(இ) தம்பியின் படங்களையோ, செய்திகளையோ, குரற்பதிவுகளையோ நான் கேட்கவில்லை. கேட்டால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவர என்னால் முடியாது. பன்னிரண்டு சொற்களை எழுதி, ஒருதடவை சரிபார்த்து எழுந்துவிடுவேன். அதன்பின் தங்கள் விதிப்படி அதைத் துடைக்கலாம்.

(ஈ) பதினான்கு மாதம் மின்னேற்றாத கைத்தொலைபேசி திறக்காமலும் போகலாம். அவ்வாறாயின், நீதிமன்றத்தின் மீது பிழையில்லை என்று அவ்விடத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டுத் தருவேன்.

22. இவற்றுள் எதுவும் இயலாது என்று தாங்கள் முடிவு செய்தால், அதையும் ஏற்றுக்கொள்வேன். அப்போது எனக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் மிஞ்சும். அதைத் துடைக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே எனக்கு எழுத்தில் அறியத்தர வேண்டும். நான் அந்த அறையின் ஒரு மூலையில் நிற்பேன். கதைக்க மாட்டேன், இடையூறு செய்ய மாட்டேன். அது முடிந்ததும் வெறுமையான கைத்தொலைபேசியைக் கையேற்றுக் கையொப்பமிட்டுப் போய்விடுவேன். நான்கு வருடம் ஒருவன் இருந்து உழைத்தது இல்லாமற் போகும்போது, அது இன்னதென்று அறிந்தவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். அதற்கு வேறொருவரும் இல்லை.

23. ஜனவரி 30 ஆந் திகதிக்கு முன் தாங்கள் எந்த நாளில், எந்த நேரத்தில் அழைத்தாலும் வருவேன். என் நேரத்துக்கு இப்போது குறுக்கே நிற்பவர் எவருமில்லை.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
அடைக்கலநாதன் ஜெசிதா

இடம்: குருநகர்
திகதி: 2026.01.19

இணைப்புகள்:
மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி
2025.11.24 ஆந் திகதிய கட்டளையின் பிரதி
கிராம அலுவலரின் உறவுமுறைச் சான்று
தம்பி வரைந்த வரைபடங்களின் பட்டியல் (ஒன்பது பக்கங்கள்)
பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள் இரண்டு
பதிலுக்காக முத்திரை ஒட்டி, என் விலாசம் எழுதிய கடித உறை ஒன்று